சோற்றைத் தேடும் ஈ... புண்ணைத் தேடும் ஈ!

சில வருஷங்களுக்கு முன், ஒரு ஆனி மாதம். காரைக்காலில் மாங்கனித் திருவிழா முடிந்த மறுநாள் காலை. என் வைத்தியசாலை வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. எழுபது வயது தாண்டிய பெரியவர் ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கினார் அவருடைய மருமகள். பெரியவரின் வலது காலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. அந்த அம்மா காத்திருந்த மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், "ஐயா, கொஞ்சம் தனியா பேசணும்" என்றார்.

உள்ளே வந்ததும் அழுதுவிட்டார். "மாமா காலுல புழு வச்சிருச்சு ஐயா. பார்த்து நாலு நாளாச்சு. வெளியில சொல்ல வெட்கப்பட்டு, மண்ணெண்ணெய் ஊத்திப் பார்த்தோம். கேக்கல. எங்க வீட்டுல ஈயே கிடையாது ஐயா! தினம் ரெண்டு வேளை பினாயில் போட்டுத் துடைக்கிறேன். சாப்பாட்டுக்கு வலை மூடி போட்டு வச்சிருக்கேன். எப்படி ஐயா வந்துச்சு?"

பெரியவர் அதுவரை வாய் திறக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் யாருக்கு என்ன பாவம் தம்பி பண்ணேன்?"

வாசகர்களே, அந்த இரண்டு கேள்விகளுக்கும் அன்றைக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கால் தப்பியது, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் இருபது வருஷமாகச் சர்க்கரை நோயாளி. இரண்டு வாரத்துக்கு முன்னால் அதே புண்ணைப் பார்த்து, "தினமும் கழுவி, மூடிக் கட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். மூடிக் கட்டச் சொன்னேனே தவிர, ஏன் மூட வேண்டும் என்று சொல்லவில்லை. திருவிழாவுக்கு வந்த உறவினர் யாரோ, "புண்ணு காத்தாடக் கிடந்தாத்தான் ஆறும்" என்று சொல்ல, பெரியவர் கட்டை அவிழ்த்துவிட்டுக் கொல்லைப்புறத்தில், மாட்டுக் கொட்டகை ஓரமாகக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். காரணம் தெரியாத பத்தியத்தை யார் வேண்டுமானாலும் கலைத்துவிடலாம் அல்லவா? அன்று நான் சொல்லாமல் விட்ட அந்த 'ஏன்'தான் இந்தக் கட்டுரை.

அந்த மருமகள் சொன்னது பொய்யில்லை. அவர் வீட்டில் ஈ இல்லைதான். ஆனால் அவர் விரட்டியது ஓர் ஈயை. வந்தது வேறோர் ஈ!

வீட்டு ஈ: கடிக்காத எதிரி

முதலில் நமக்குப் பழகிய ஆளைப் பார்ப்போம். சாம்பல் நிறம், முதுகில் நான்கு கறுப்புக் கோடுகள், அரை அங்குலத்தில் பாதி நீளம். இதுதான் வீட்டு ஈ. இது கடிக்காது. கடிக்க இதற்குப் பல்லும் இல்லை, ஊசியும் இல்லை. வாய் என்பது ஒரு சின்னப் பஞ்சு மாதிரி. திரவத்தை ஒற்றி உறிஞ்சத்தான் தெரியும்.

அப்படியானால் சர்க்கரைக் கட்டியை எப்படித் தின்கிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. முதலில் எச்சிலையும், வயிற்றில் ஏற்கெனவே இருப்பதையும் அதன் மேல் கக்குகிறது. அது கரைந்ததும் உறிஞ்சுகிறது. உட்கார்ந்த இடத்தில் அடிக்கடி எச்சமும் இடுகிறது. சற்று முன் அது எங்கே உட்கார்ந்து எதை உறிஞ்சியது என்று நினைத்துப் பாருங்கள். மலத்திலும் சாக்கடையிலும் இருந்த கிருமிகள் அதன் கால் மயிர்களில் ஒட்டிக்கொண்டு, அதன் வயிற்றிலும் தங்கி, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு இலவசப் பயணம் செய்கின்றன. வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைபாய்டு, காலரா ஆகியவற்றின் கிருமிகளை இது சுமக்க முடியும். கண்ணில் பீளை கட்டிய குழந்தையை மொய்த்துவிட்டு அடுத்த குழந்தையின் முகத்தில் உட்கார்ந்தால், கண்நோயும் கூடவே போகும்.

காரைக்கால்வாசிகளுக்கு 2022 ஜூலை மாதம் மறந்திருக்காது. வயிற்றுப்போக்கு பரவி, காலரா என்று உறுதியாகி, பொது சுகாதார நெருக்கடி அறிவித்தார்கள். பள்ளிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று தெருத்தெருவாகச் சொன்னார்கள். அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது குடிநீரில் கழிவுநீர் கலந்தது. பழியை முழுக்க ஈயின் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனால், நோயாளியின் மலம் திறந்தவெளியில் கிடந்தால், தண்ணீர் தொடாத வீட்டுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஈ தயாராக இருக்கிறது.

ஈயை ஒழித்தால் நிஜமாகவே நோய் குறையுமா? குறைகிறது. பாகிஸ்தான் கிராமங்களில் மருந்து தெளித்து ஈக்களைக் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு 23 சதவிகிதம் குறைந்தது. இந்த ஆய்வு 1999-ல் வெளியானது. நூறில் இருபத்து மூன்று! குழந்தை வைத்திருக்கிற வீட்டில் இது சின்னக் கணக்கு இல்லை.

இதன் பெருக்கத்தைக் கேட்டால் தலை சுற்றும். ஒரு பெண் ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். வாழ்நாளில் ஐந்நூறு வரை. இடும் இடம் சாணம், குப்பை, அழுகிய காய்கறி, பழத்தோல். நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் பொரித்து, நாலைந்து நாள் புழுவாக இருந்து, பிறகு கூட்டுப்புழுவாகி, ஏழிலிருந்து பத்து நாளுக்குள் அடுத்த தலைமுறை பறக்க ஆரம்பித்துவிடும். மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து இறைக்கும் மாம்பழங்களில் மிதிபட்டது போக, மிச்சத் தோலும் கொட்டையும் தெருவோரம் நாலு நாள் கிடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருகுப்புழு ஈ: ஆள் தெரியாது, வேலை தெரியும்

இப்போது இரண்டாவது ஆள். வீட்டு ஈயைவிடப் பருமன். உடம்பு நீலமும் பச்சையுமாக உலோகம் போல மின்னும். பார்த்தால் கருவாட்டின் மேல் மொய்க்கும் பச்சை ஈ மாதிரியே இருக்கும். காரைக்கால்மேடு, பட்டினச்சேரிப் பக்கம் கருவாடு காயப்போடும் தாய்மார்களுக்குப் பச்சை ஈயை நன்றாகத் தெரியும். இரண்டும் ஒரே குடும்பம். வெறும் கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் குணம் வேறு. கருவாட்டு ஈக்குச் செத்ததும் அழுகியதும் வேண்டும். திருகுப்புழு ஈக்கு உயிருள்ள உடம்பு வேண்டும்.

ஆமாம், உயிருள்ள சதை. ஆடு, மாடு, நாய், சில நேரம் மனிதன். இந்தப் பெண் ஈ சூடான இரத்தம் உள்ள உயிரின் புண்ணைத் தேடி வரும். பெரும்பாலும் சாயங்கால வேளையில், புண்ணின் ஓரத்தில் நூற்றைம்பது, இருநூறு முட்டைகளை வெள்ளையாக, வரிசையாக ஒட்டிவிட்டுப் போய்விடும். ஒரே நாளுக்குள் அவை பொரிக்கும். புழுக்கள் தலைகீழாகச் சதைக்குள் இறங்கும். உடம்பைச் சுற்றி வரிவரியாக முள் இருப்பதால் திருகாணி போல இருக்கும். பெயர்க் காரணம் அதுதான். ஐந்திலிருந்து ஏழு நாள்வரை உயிருள்ள சதையைத் தின்று, பிறகு தரையில் விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். புண்ணின் வாடைக்கு மேலும் ஈக்கள் வந்து முட்டையிடும். மேலே சின்ன ஓட்டை, உள்ளே பெரிய பொந்து!

ஆப்பிரிக்கா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா என்று வெப்ப நாடுகள் முழுக்க இந்த ஈ உண்டு. இதற்கு அமெரிக்காவில் ஒரு பங்காளி இருக்கிறது. அந்த ஈயின் பெண் ஒரே ஒரு முறைதான் இணையும். இந்த ஒரு பலவீனத்தைப் பிடித்துக்கொண்டார்கள் விஞ்ஞானிகள். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டார்கள். மலட்டு ஆணோடு இணைந்த பெண்ணின் முட்டை பொரிக்காது. 1954-ல் குராசோ தீவிலேயே அந்த ஈயை ஒழித்துக் காட்டினார்கள். பிறகு வட அமெரிக்காவிலும் ஒழித்தார்கள். கொஞ்சம் அசந்ததும் 2023 முதல் மத்திய அமெரிக்காவில் மறுபடி பரவி, 2024 நவம்பரில் மெக்சிகோவையும் எட்டிவிட்டது. பணக்கார நாடுகளையே படுத்துகிற குடும்பம் இது. வெட்கப்பட நாம் யார்?

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டு ஈக்கு உங்கள் உணவு வேண்டும்; திருகுப்புழு ஈக்கு உங்கள் புண் வேண்டும். வீட்டு ஈ குப்பையில் பிறக்கிறது; மற்றது உடம்பிலேயே வளர்கிறது. வீட்டு ஈ கிருமியைச் சுமந்து வந்து இறக்குகிறது. மற்றதன் புழுவே நோய். வீட்டு ஈ கூட்டமாக வீட்டுக்குள் மொய்க்கும். மற்றதைப் பார்ப்பதே அபூர்வம். ஒன்றே ஒன்று, ஒரு சாயங்காலம், சில நிமிஷம் வந்து போனாலே போதும்.

ஆகவேதான் பினாயிலும் வலை மூடியும் அந்த மருமகளுக்குக் கைகொடுக்கவில்லை. வீட்டு ஈயைத் தடுக்கக் குப்பையை மூட வேண்டும். திருகுப்புழு ஈயைத் தடுக்கப் புண்ணை மூட வேண்டும். பாடம் இவ்வளவுதான்.

யாருக்கு ஆபத்து?

எல்லோருக்கும் இல்லை. உணர்ச்சி மரத்த காலோடு இருக்கும் சர்க்கரை நோயாளிகள் முதல் வரிசை. புழு ஊர்ந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அடுத்து, படுத்த படுக்கையாய் இருந்து முதுகில் புண் வந்த முதியவர்கள். சீழ் வடியும் காதுள்ள குழந்தைகள். பேன் அரித்துச் சொறிந்து தலையில் புண்ணாகிப்போன சிறுமிகள். மூக்குச் சதை உலர்ந்து, துர்நாற்றம் வீசும் நாட்பட்ட மூக்கு நோய் உள்ளவர்கள். இவர்களுக்கு வாசனையே தெரியாது என்பதால் பக்கத்தில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

அடையாளங்கள் என்ன? ஆற வேண்டிய புண் திடீரென்று அகலமாவது, இதுவரை இல்லாத கெட்ட நாற்றம், இரத்தம் கலந்த நீர் கசிவது, உள்ளே ஏதோ நெளிவது போன்ற உணர்வு, புண்ணின் ஓரத்தில் வெள்ளைத் துகள் போல ஒட்டியிருப்பது. மூக்கிலிருந்து இரத்தமும் நாற்றமும் வந்து, முகம் வீங்கி, உள்ளே ஊர்வது போல இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. மூக்குக்கு மேல் மாடி மூளை!

புழு தெரிந்தால்...

ஒன்று: பதறாதீர்கள். சுத்தமான ஈரத் துணியால் புண்ணை முழுக்க மூடிக் கட்டுங்கள்.

இரண்டு: மண்ணெண்ணெய், பினாயில், பூச்சி மருந்து எதையும் ஊற்றாதீர்கள். சதை வெந்து புண் பெரிதாகும். புழு இன்னும் ஆழமாக இறங்கும்.

மூன்று: குச்சியாலோ ஊக்காலோ நோண்டாதீர்கள். பாதி அறுந்து உள்ளே தங்கிவிடும்.

நான்கு: அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்கு அல்ல. அங்கே டர்பன்டைன் எண்ணெய் விட்டுப் புழுக்களை வெளியே வரவழைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். தேவைப்பட்டால் மாத்திரை, தடுப்பூசி கொடுப்பார்கள். அடுத்த சில நாள் மறுபடி மறுபடி பார்ப்பார்கள்.

"நீங்க சித்த வைத்தியர்தானே, நீங்களே ஒரு தைலம் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாளையங்கோட்டைக் கல்லூரியில் நாங்கள் படித்த மத்தன் தைலம் ஆறாத புண்ணுக்கு நல்ல மருந்துதான். ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், துருசு சேர்ந்தது. ஊமத்தையும் நஞ்சு, துருசும் நஞ்சு. வீட்டில் காய்ச்சுகிற சமாசாரம் அல்ல. அதைவிட முக்கியம், அது புண்ணை ஆற்றுகிற மருந்து. உள்ளே பொந்து போட்டு உட்கார்ந்திருக்கும் புழுவை எடுக்கக் கையும் இடுக்கியும் வெளிச்சமும் வேண்டும். புழுவை முழுக்க எடுத்தபின், சர்க்கரையும் கட்டுக்குள் வந்தபின், திரிபலா கஷாயத்தால் கழுவுவதும் தைலமும் எங்கள் பங்கு. எந்த நேரத்தில் எந்த மருந்து என்பதுதான் வைத்தியம்.

வீட்டு ஈக்கு என்ன வழி?

குப்பையை வாரம் இரண்டு முறையாவது வீட்டைவிட்டு அகற்றுங்கள். ஏன் இரண்டு முறை? புழுப் பருவம் நாலைந்து நாள் என்றேன் அல்லவா? அதற்குள் குப்பை போய்விட்டால் ஈ பிறக்க வழியில்லை. முனிசிபாலிட்டியோ கொம்யூன் பஞ்சாயத்தோ வண்டி அனுப்பும்வரை மூடி போட்ட வாளியில் வையுங்கள். மாட்டுச் சாணத்தை மெல்லப் பரப்பிக் காய வையுங்கள். அல்லது எருக்குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். குழந்தையின் மலத்தைக் கழிவறையில் போட்டு நீர் ஊற்றுங்கள். "குழந்தை மலம்தானே" என்று வாய்க்காலில் எறியாதீர்கள்.

கருவாட்டை மணலில் பரப்பாமல், உப்பைத் தாராளமாகப் போட்டு, உயரப் பரணில், வலை மூடிக் காய வையுங்கள். ஈயும் குறையும், விலையும் கூடும்.

வேப்பிலை, நொச்சிப் புகை போடலாமா? போடலாம், ஈ சற்று நேரம் விலகும். ஆனால் புகை ஈயை விரட்டுமே தவிர, குப்பையை அள்ளாது!

யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்து, அடிக்கடி கொடுங்கள். கடையில் கிடைக்கும் உப்புக் கரைசல் பாக்கெட் இன்னும் நல்லது. கண் குழிந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், குழந்தை துவண்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"புழு புண்ணைச் சுத்தம் பண்ணுமாமே?"

பத்திரிகையில் படித்துவிட்டுச் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். உண்மைதான். செத்த சதையை மட்டும் தின்னும் வேறொரு வகை ஈயின் புழுக்களை, ஆய்வுக்கூடத்தில் கிருமியில்லாமல் வளர்த்து, சில நாடுகளில் புண் ஆற்றப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க அரசு 2004-ல் அதற்கு அனுமதியும் கொடுத்தது. ஆனால் உங்கள் வீட்டுப் புண்ணில் தானாக வந்த புழு, செத்ததைத் தின்கிறதா, உயிருள்ளதைத் தின்கிறதா என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அந்தப் பரீட்சையை வீட்டில் வைக்க வேண்டாம்.

"ஆட்டுக்கு, மாட்டுக்கு வந்தால்?" என்றும் கேட்கிறார்கள். கன்று ஈன்றதும் தொப்புளைக் கவனியுங்கள். கொம்புக் காயம், மூக்கணாங்கயிறு போட்ட புண், நாய்க்கடிப் புண் எல்லாவற்றையும் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கொட்டகையில் ஒரு மாட்டுக்குப் புழு வைத்தால், திண்ணையில் இருக்கும் தாத்தாவின் காலுக்கும் ஆபத்து பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள்.

பாவம் இல்லை, ஈ!

நம் பக்கத்தில் கோபம் வந்தால், "புழுத்துத்தான் சாவே" என்று சாபம் விடுவார்கள். அந்த ஒரு சாபம் எத்தனை குடும்பங்களை நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வைத்திருக்கிறது தெரியுமா? அந்தப் பெரியவரின் வீட்டில் போன நாலு நாளில்தான் இரண்டு விரல்கள் போயின. முதல் நாளே வந்திருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும். புழு வைத்தது அவர் செய்த பாவத்தால் இல்லை. மருமகள் கவனிக்காததாலும் இல்லை. ஒரு புண் திறந்திருந்தது, ஓர் ஈ பார்த்துவிட்டது. அவ்வளவுதான்.

அவர் இப்போதும் என்னிடம் வருகிறார். மெத்தென்ற விசேஷச் செருப்பு போட்டுக்கொண்டு, தானே நடந்து. கொல்லையில் உட்கார்ந்தாலும் காலை மூடாமல் இருப்பதில்லை. போன தடவை கிளம்பும்போது, "நீங்க சொன்னதை எங்க தெருவுல நாலு பேருக்கு நானே சொல்லிட்டேன் தம்பி. கேட்க வெட்கமா இருந்தவங்களுக்கெல்லாம் என் காலைக் காட்டிச் சொன்னேன்" என்றார்.

உங்கள் வீட்டிலும் சர்க்கரை உள்ள பெரியவர் ஒருவர் இருப்பார். இன்று இரவு அவர் படுக்கும்முன் இரண்டு காலையும், விரலிடுக்கையும், குதிகாலையும் வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். சின்னக் கீறல் இருந்தாலும் சுத்தமாகக் கழுவி, மூடிக் கட்டி, நாளைக்கு மருத்துவரிடம் காட்டுங்கள். ஏன் மூட வேண்டும் என்று அவர் கேட்டால், இப்போது உங்களுக்குப் பதில் தெரியும்.